இரண்டு ஜீப்புக்கு ஒரு ரோட்டர்

நடு அந்தமானில் மரம் வெட்டும் கேம்ப் ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. அதற்கு முன் தூத்துக்குடியில் லாரி ஷெட்டில் மூன்று வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். கேம்பை நடத்திய காண்டிராக்டர் எங்கள் பக்கத்துக்காரர். ஆறு மாதம் பார்ப்பேன், பிடித்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவேன் என்றார். சரி என்றேன். ஊரில் எனக்கு ஒன்றும் இல்லை.

கேம்பில் இரண்டு ஜீப். இரண்டும் பட்டாளத்தில் ஏலம் விட்டவை. ஒன்று காண்டிராக்டருக்கு. மற்றது கேம்புக்கு. அரிசி கொண்டுவரவும், படுத்துவிட்டவனைப் படகுத்துறைக்குக் கொண்டுபோகவும் அதுதான். படகுத்துறை பதினோரு மைல். அங்கிருந்து படகில் போனால்தான் ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் லாரி வராது. ஜீப் மட்டும் போகும்.

சாமான் வேண்டும் என்றால் மெட்ராசுக்கு எழுத வேண்டும். கப்பலில் வந்தால் வரும். அதனால் ஒன்றில் கழற்றி ஒன்றில் போடுவோம். தீவில் எல்லா ஷெட்டிலும் அப்படித்தான். அதில் கைதேர்ந்தவன் என்று எனக்குப் பெயர்.

வெட்டுக்காரர்கள் பெரும்பாலும் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். அண்ணன் தம்பி இருவர் ஷெட்டுக்கு அடுத்த கொட்டகையில் இருந்தார்கள். அண்ணன் வாய்க்காரன். கேம்ப் ஜீப் ஆடு மாதிரி கத்துகிறது என்று அதற்குப் பக்ரி என்று பெயர் வைத்தான்.

"க்யா மிஸ்திரி, பக்ரி ஆஜ் தூத் தேகா?" ஆடு இன்று பால் கறக்குமா என்று காலையில் கேட்பான்.

"உன் தலைமுடியத்தான் மேயும், போடா."

சிரிப்பான். தம்பி பேச மாட்டான். அண்ணன் சிரித்தால் அவனும் சிரிப்பான்.

ஐந்தாவது மாதம் ஒரு விடிகாலை, காண்டிராக்டர் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. மூடியைத் திறந்தால் ரோட்டரில் விரிசல். கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு அது. சுற்றிச் சுற்றி நாலு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும். விரிசல் விட்டால் தீப்பொறி வழியிலேயே போய்விடும், இன்ஜின் பிடிக்காது. ஸ்பேர் இல்லை. எழுதிப்போட்டு இரண்டு கப்பல் வந்துபோய்விட்டது.

அவர் டெண்டர் போட போர்ட் பிளேர் போக வேண்டும். படகுக்கு நேரமாகிவிட்டது.

"ஏலே, கேம்ப் வண்டில உள்ளதக் கழத்தி இதுல போடு. மூணாம் நாளு வந்துருவேன்."

"கேம்ப் வண்டி செத்துப்போகும் முதலாளி."

"செத்த வண்டிக்கு உயிர் குடுக்கத்தானல உன்ன வச்சிருக்கு? போடுல."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆறு மாதத்துக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. கழற்றிப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அடுக்கி வைத்த படாக் மரம் ஒன்று உருண்டு அண்ணன்காரன் தொடை மேல் ஏறிவிட்டது. பலகையில் வைத்து ஷெட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நினைவு இருந்தது.

"மிஸ்திரி, பக்ரி நிகாலோ" என்றான். ஆட்டை வெளியே எடு என்று.

கம்பவுண்டர் மலையாளி. துணியை முறுக்கித் தொடையில் கட்டினார். என் காதில், "வேகம் கொண்டு போகணும். ரத்தம் நிக்கில்ல" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரிசல் விட்ட பழைய ரோட்டர் என்னிடம் இருந்தது. விரிசலைக் கத்தியால் சுரண்டினேன். கேம்ப் ஆபீசில் பார்சலுக்கு முத்திரை போடும் அரக்கு உண்டு. அதைக் காய்ச்சி விரிசலில் ஊற்றி, ஆறவிட்டு, மாட்டினேன். ஹேண்டில் போட்டதும் இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. கூட்டம் கத்தியது. யாரோ முதுகில் தட்டினார்கள். நான்தான் ஓட்டினேன். பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு தம்பியும் கம்பவுண்டரும் இன்னும் இரண்டு பேரும்.

நாலாவது மைலில் ஒரு ஏற்றம். அதில் பாதியில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன். சூட்டில் அரக்கு உருகி வழிந்திருந்தது. மறுபடி ஊற்ற அரக்கு எடுத்து வரவில்லை. எடுத்து வந்திருந்தாலும் அந்தச் சூட்டில் தங்கியிருக்காது. துடைத்து மாட்டி ஹேண்டில் போட்டேன். கை கழன்றுவிடும் போல இருந்தது. பிடிக்கவில்லை.

தம்பி மட்டும் இறங்கி வந்து என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தான்.

"அச்சாவாலா கஹாங்?" நல்லது எங்கே.

"மாலிக் வண்டியில." முதலாளி வண்டியில்.

"கிஸ்னே நிகாலா?" யார் கழற்றினது.

"மைனே" என்றேன். நான்தான்.

துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்தான். பலகையின் ஒரு மூலையைப் பிடித்தான். இன்னும் இரண்டு பேர் பிடித்தார்கள். நாலாவது மூலை என்னுடையது. சேற்றில் கால் முழங்கால் வரை இறங்கியது. அட்டை ஏறியதைப் பிடுங்கக் கை இல்லை. அண்ணன் முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு குளிருகிறது என்றான். எட்டாவது மைலுக்குப் பக்கத்தில் கம்பவுண்டர் இறக்கச் சொன்னார். இறக்கினோம். பார்த்துவிட்டு, இனி மெதுவாகப் போகலாம் என்றார்.

காண்டிராக்டர் சொன்னபடி மூன்றாம் நாள் வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வண்டி ரிப்பேருன்னு சொல்லிருக்கேன். நீ வாயத் தொறக்காத."

"தம்பிக்குத் தெரியும் முதலாளி."

"எப்படில?"

"நான் சொன்னேன்."

கப்பலேற்றிவிடுவார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. அவருக்கு வேறு மெக்கானிக் கிடையாது. அடுத்த கப்பலில் நாலு ரோட்டர் வந்தது.

அந்தக் கேம்பில் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். தம்பியும் இருந்தான். என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஆட்களிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள். ஆனால் படகுத்துறைக்குப் போகும்போதெல்லாம் நடந்தே போவான். பதினோரு மைல் போக, பதினோரு மைல் வர. தலையில் அரிசி மூட்டை இருந்தாலும் நடைதான்.

ஒரு நாள் நல்ல மழை. அந்த ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் நின்று, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான்.

"தும் ஜாவ்" என்றான். நீ போ.

நான் போனேன்.