இணைச்சீர் படம்

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்துக்குப் படங்களைத் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றாகச் செருகி ஏற்றி முடிக்க அரை நாள் ஆனது. படப் பிரிவில் இருந்த மற்ற இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் நகரவில்லை.

பழைய பதிப்பில் ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஒட்டினால் அடியில் இருந்தது போய்விடும். ஒரே ஒரு படிதான் பின்னால் வர முடியும். புதியதில் லேயர் என்று ஒன்று இருந்தது. கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறியதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதை அழுத்தினால் அந்தத் துண்டு மறையும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

ஆசிரியர் எங்கள் அறைக்கு வந்து ஒருமுறை பார்த்தார். "படத்துல இருக்கிற ஆளை எடுக்கக் கூடாது, இல்லாத ஆளைச் சேர்க்கக் கூடாது. தூசி தட்டறதோட நிறுத்திக்குங்க" என்றார். பத்திரிகைப் படங்களில் அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

வீட்டில் காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. கிணத்துக்கடவில் எங்கள் வீட்டு ஹாலில் என் கல்யாணத்தின் இணைச்சீர் படம் மாட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் அவனுடைய சகோதரியை அருகில் உட்காரவைத்துச் செய்கிற சடங்கு அது. பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் உள்ள இடம் மாறாது என்று ஊர் முன்னால் சொல்வது. படத்தில் ஒரு புதுச்சேலையின் ஒரு முனையை என் தங்கையும் மறுமுனையை நானும் பிடித்திருப்போம். எங்கள் தலைக்குமேல் பந்தல்காரர் இழுத்துவிட்ட மின்கம்பி ஒன்று தொங்கும். அதை ஸ்கேன் செய்து, கம்பியை மறைத்து, ஒரு காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கம்பி எங்க போச்சு?"

"அடியிலதானுங்கப்பா இருக்குது. மேல ஒண்ணப் போட்டு மறைச்சிருக்கறேன்."

"அப்ப ஆளையே மறைச்சுப்போடலாமாட்ட இருக்குது."

"மறைக்கலாமுங்க. தலைய மாத்தி வெக்கவும் செய்யலாமுங்க."

"அப்படின்னா உங்கப்பனுக்கு மொதல்ல முடி வெச்சுடு சாமி" என்றாள் அம்மா. தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அப்போது அவள் உடுமலைப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அவள் அங்கே கூட வேலை பார்த்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி. கட்டியிருந்த சேலையோடு போனவள் போனவள்தான். அப்பா சத்தம் போடவில்லை. ஆல்பத்தில் அவள் இருந்த பக்கங்களைக் கிழித்தார். ஸ்டூடியோவுக்குப் போய் நெகட்டிவ்களைக் கேட்டு வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். ஹாலில் இருந்த படத்தை மட்டும் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கழற்றினால் சுவரில் வெள்ளையாகச் சதுரம் தெரியும். வருகிறவர்கள் கேட்பார்கள். தம்பிக்குப் பவானிப் பக்கம் பெண் பார்த்திருந்தோம். பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இது இருக்கட்டும் கண்ணு. ஆள மட்டும் மாத்திப்போடு."

"ஆரை வெக்கறதுங்கப்பா?"

"பெரியப்பன் புள்ளைய வெய்யி. அவளும் உனக்கு அக்காதான?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீதான சொன்ன, தலைய மாத்தலாம்னு?" என்றார். பிறகு படத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து அதையும் அடுப்புக்குக் கொண்டுபோனார். அதன் நகல் அலுவலகத்தில் என் கணினியில் இருந்தது அவருக்குத் தெரியும்.

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என் மனைவி அன்றைக்கே அதைச் சொன்னாள். "ஊட்ல சண்டை வேண்டாம்னு பாக்கறேன்" என்றேன். உள்ளுக்குள் வேறொரு சமாதானமும் இருந்தது. நான் எதையும் அழிக்கப்போவதில்லை. தங்கையின் முகத்தைத் தனி லேயரில் எடுத்துவைத்துக் கண்ணை மூடிவிடுவேன். அடியில் அவள் இருப்பாள். அப்பாவின் கோபம் ஆறியதும் திறந்துவிடலாம்.

வேலை நன்றாகவே வந்தது. பெரியப்பா மகளின் முகத்தை அதே கல்யாணத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து வெட்டினேன். அதே ஃபிளாஷ் வெளிச்சம் என்பதால் நிறம் பொருந்தியது. காதோர முடியைச் சேர்க்கத்தான் நேரம் பிடித்தது. கழுத்துக்குக் கீழே எதையும் தொடவில்லை. சேலையும் நகையும் கையும் தங்கையுடையவை. செய்யும்போது மனசு கனத்தது என்று எழுத முடியாது. ஒட்டு தெரிகிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

பெரிதாக்கி அச்சிடப் பெங்களூரில் ஒரு போட்டோ லேப்பைப் பிடித்திருந்தேன். அவர்கள் லேயர்களோடு வேண்டாம், ஒன்றாக்கி அனுப்புங்கள் என்றார்கள். ஒன்றாக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மறைத்து வைத்திருக்கும் லேயர்களை நீக்கிவிடலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி கேட்டது. கம்ப்யூட்டர் கேட்கிற எல்லாப் பெட்டிகளுக்கும் எப்படிப் பதில் சொல்வேனோ அப்படியே என்டரைத் தட்டினேன். வேறு பெயரில் சேமிக்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. அதே பெயரில் சேமித்து மூடினேன்.

பவானிக்காரர்கள் வந்தார்கள். ஹாலில் மாட்டியிருந்த புதுப் படத்தைப் பார்த்து, "இணைச்சீர்க்காரியுங்களா? எங்க குடுத்திருக்குது?" என்று கேட்டார்கள். பொள்ளாச்சியில் கொடுத்திருப்பதாக அப்பா சொன்னார். பெரியப்பா மகளைப் பொறுத்தவரை அது உண்மை. தம்பி கல்யாணத்துக்கும் அவளே உட்கார்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம் தங்கை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஏனுங்ணா, நம்ம ஊட்டுப் படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லீங்க. புள்ளைக்குக் காட்டறதுக்கு அந்த இணைச்சீர் படம் வேணுமுங்க. நீங்க கம்ப்யூட்டர்ல வெச்சிருந்தீங்கல்ல?"

"பத்திரமா இருக்குது கண்ணு. ஒரு வாரத்துல எடுத்துத் தாரேன்."

போனை வைத்ததும் கோப்பைத் திறந்தேன். லேயர் பட்டியலில் ஒரே ஒரு வரி. அதில் ஒரே ஒரு கண். திறந்துதான் இருந்தது. அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டி ஞாபகம் வந்தது. பழைய வட்டுகளை எல்லாம் தேடினேன்; கிடைக்கவில்லை. காகிதத்தில் எடுத்த கம்பியில்லாத அச்சை அம்மாவிடம் கேட்டேன். அப்பா அதையும் விடவில்லை என்றாள்.

அந்தச் சமயத்தில் மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்தது. ஒன்றல்ல, பல படிகள் பின்னால் போகலாம் என்று படப் பிரிவில் ஒரே கொண்டாட்டம். ஏற்றி முடித்த கையோடு நான் திறந்தது அந்தக் கோப்பைத்தான். செய்தவை எல்லாம் வரிசையாகத் தெரிய வேண்டிய பட்டியலில் 'திற' என்ற ஒரு படி மட்டும் இருந்தது. கோப்பை மூடும்வரை செய்ததைத்தான் அது நினைவில் வைத்திருக்குமாம். நான் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தங்கை மறுபடி கூப்பிட்டபோது, "பைலு கெட்டுப்போச்சு கண்ணு. புது வெர்ஷன்ல தெறக்க மாட்டேங்குது" என்றேன்.

"செரிங்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க, மிஷினு பண்றதுக்கு" என்றாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அம்மாதான் அவளை வரச் சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. உள்ளறையில் அப்பாவைப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தவள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யவில்லை.

நெருங்கிப் போய்ப் பார்த்தாள். பெரிதாக்கிய படத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரியும். சேலை முனையைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில், இஸ்திரிப் பெட்டி பட்ட பழைய தழும்பு நீளமாக இருந்தது. குழந்தையை அணைத்திருந்த அவள் கையிலும் அது இருந்தது.

"அக்கா மூஞ்சி நல்லாப் பொருந்தியிருக்குதுங்ணா" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதுதான் கெட்டுப்போன பைலுங்களா?"

அம்மா சமையலறையிலிருந்து, "அம்மணி, காப்பி ஆறுது பாரு" என்றாள். தங்கை போகவில்லை. குழந்தையின் விரலைப் பிடித்து, சட்டத்தின் கண்ணாடிமேல் அந்தத் தழும்பு இருந்த இடத்தில் வைத்து, "இது அம்மா கையி" என்று காட்டினாள். பிறகு விரலை நகர்த்தி என் முகத்தில் வைத்தாள். "இது மாமா."

காப்பி குடிக்காமலேயே நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கண்ணாடியில் குழந்தையின் விரல் பட்ட இடம் இரண்டு பிசுக்குப் புள்ளிகளாக இருந்தது. அம்மா துடைக்க வந்தாள். வேண்டாம் என்றேன். ஆனால் படத்தையும் நான் கழற்றவில்லை.