ஷெட்டில் ஓடும் பாட்டு

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். கூண்டுக் கோழிகளின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டு ஒருநாள் பாட்டுக்காரர் ஒருவர் வந்தார். ஒடிசலான ஆள், முதுகில் கிட்டார். பேசும்போதெல்லாம் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. வாயில்லாத ஜீவன்களுக்காக மட்டும்தான் பாட்டுக் கட்டுவாராம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பாட்டு முடிந்ததும் என் போனுக்கு அனுப்பினார். திடீர்ச் சத்தத்துக்குக் கோழி மிரளக்கூடாது என்று ஷெட்டில் எப்போதும் ஏதாவது பாட்டு ஓடும். இதையும் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை வந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். “உங்க பாட்டுக்குத்தானுங்க கோழியெல்லாம் அப்படியே அடங்குது. மொதலாளி தெனமும் போடச் சொல்லிட்டாருங்க.”

விரல்கள் நின்றுவிட்டன.

“அதுகளத் தொறந்து உடச் சொல்லி எழுதுனதுங்க அது. மனுசங்க ஒருத்தருமே கேக்கலீங்க. இப்ப அதுகள அடக்கவா எழுதுனேன்? நிறுத்திருங்க சாமி, கும்புடறேன்.”

“எங்கையில இல்லீங்களே.”

கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை.

பாட்டு இன்னும் ஓடுகிறது. ‘கூண்டத் தொறங்க’ என்று அவர் குரல் உடைந்து கெஞ்சும் இடத்தில்தான் கோழிகள் மொத்தமாக அடங்குகின்றன. அந்த இடம் வரும்போது நான்தான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.