முகம் தெரியாது என்றார் கேமராக்காரர்

தேங்காய் மட்டை புகையும் வாசனை மூக்கில் ஏறினால், அது யாரோ கொசுவுக்கு மூட்டிய புகையாகவே இருந்தாலும், நான் இன்றும் எழுந்து வேறு இடம் போய்விடுவேன். தொண்ணூறுகளின் நடுவில், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லுமாக இருந்த எங்கள் ஊருக்குப் படம் பிடிக்க வந்தவர்கள், காலை வெயில் கோடு கோடாக இறங்குவது திரையில் தெரிய வேண்டும் என்று, இரும்புச் சட்டிகளில் மட்டையைப் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி, தெரு முழுக்கப் புகை மூட்டினார்கள். சட்டி தூக்கிய கூலியாட்களில் என் அம்மாவும் ஒருத்தி. "சினிமாவுக்குப் பொகை போடற வேலை" என்று எங்கள் 'வளவு' முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வளவு என்றால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பண்ணையத்தில் கூலிக்குப் போகும் எங்கள் ஆட்கள் குடியிருந்த இடம்.

எடுத்ததோ வெட்டுக்குத்துப் படம். வாய்க்கால் கரையில் காலை முதல் மாலை வரை ரப்பர் அரிவாளால் வெட்டிக்கொண்டார்கள். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்த ரத்தத்தை நாங்கள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தோம், இனித்தது. குடல் சரிந்து செத்தவன் எழுந்து வந்து டீ குடிப்பான், நாங்கள் கை தட்டுவோம். அடிதடி என்றால் இவ்வளவுதான் என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தின் கேமராக்காரர் ஒல்லியான மனிதர். கழுத்தில் தொங்கிய கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு எந்நேரமும் சூரியனையே பார்த்திருப்பார். கடைசி நாளுக்கென்று அவர் ஒரு காட்சியை வைத்திருந்தார். சிறையிலிருந்து திரும்பும் கதாநாயகன், உதிக்கும் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்து வர வேண்டும். இருபுறமும் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் அவனைக் கும்பிட வேண்டும். பெரியவர்களாக நிற்பதற்கு நிலக்காரரான பெரிய 'பண்ணாடி'யும், அவர் மகன்களும், பங்காளிகளும் முந்தின நாளே வேட்டி வெளுத்து வைத்துவிட்டார்கள். திரையில் முகம் வரும் ஆசை யாரை விட்டது?

அதே முந்தின நாள், சண்டைக் காட்சியில் கதாநாயகனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தூரத்தில் நடந்து வருவதுதானே, அவன் உயரத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று தேடிய கேமராக்காரரின் கண்ணில், மட்டை சுமந்துகொண்டிருந்த என் அப்பா பழனி பட்டுவிட்டார். அப்பா பயந்துபோய்ப் பின்வாங்கினார்.

"அந்தத் தெருவுல நாங்க செருப்புப் போட்டு நடக்கறதில்லீங்க. துண்டைக்கூடக் கக்கத்துல வெச்சுட்டுத்தானுங்க போவோம். வேண்டாமுங்க சாமி" என்றார்.

"முகமே தெரியாதுய்யா. எதிர் வெயில்ல வெறும் கறுப்பு உருவம். பெத்த அம்மா பார்த்தாக்கூட யாருன்னு சொல்ல முடியாது" என்று கேமராக்காரர் சிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை. திரையில் தெரியாத முகம் தெருவில் தெரியும் என்பதுதான் அந்தப் பட்டணத்துப் புத்திக்கு எட்டவில்லை. நடப்பது கதாநாயகன் அல்ல என்பதை ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றும் அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. 'கட்' என்று சத்தம் கேட்கும்வரை கும்பிட்ட கையை இறக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் புதுச் செருப்பு. புகைக்குள்ளிருந்து அப்பா வந்தார். பெரிய பண்ணாடி கூப்பிய கையோடு தலையையும் தாழ்த்தினார். நடிப்பில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு. அப்பா நெருங்க நெருங்க, ஓரத்தில் நின்றவர்களுக்கு முகம் தெளிந்தது. பண்ணாடியின் கை கும்பிட்டபடியே நின்றது, தாடை மட்டும் நடுங்கியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பாவை ஊரே கும்பிடுகிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா புகைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கெட்டுது போ" என்றாள்.

படக்காரர்களின் வண்டிகள் பாலத்தைத் தாண்டிப் போன மதியமே வளவுக்குள் ஆட்கள் வந்தார்கள். அப்பாவைச் சோற்று வட்டிலிலிருந்து இழுத்துப் போய் வாய்க்கால் மேட்டில் தள்ளினார்கள். பண்ணாடியின் மூத்த மகன் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்தது.

"எந்தக் காலுடா மொதல்ல வெச்சே?" என்று கேட்டான்.

"தெரீலீங்க சின்னப் பண்ணாடி. அவரு சொன்னாருங்க, நடந்தனுங்க" என்றார் அப்பா. அடி விழ விழ, அந்த 'ங்க' மட்டும் ஒரு வார்த்தையில்கூட விட்டுப்போகவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையை ஊர் ஊராக மெச்சுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுக்கும். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த மட்டையை மிதித்தது போல இருந்தது. ரத்தம் படத்தில் வந்த நிறத்தில் இல்லை. கறுத்து, மண்ணோடு சேர்ந்து, ஈ மொய்த்தது.

பெரியாஸ்பத்திரியில், தென்னை மரத்திலிருந்து "உழுந்துட்டாருங்க" என்று அம்மா சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பண்ணாடி வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தது. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்று ஆறுதலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குஞ்சு சாகவில்லை, நொண்டியானது. எலும்பு கோணலாகக் கூடியது. சூலூருக்குக் குடிபெயர்ந்தோம்; விசைத்தறிக் கொட்டகையில் நின்று வேலை செய்ய முடியாமல், அப்பா உட்கார்ந்து நூல் சுற்றினார்.

படம் வந்தது. ஒளிப்பதிவுக்கு விருதும் வந்தது. எல்லோரும் மெச்சியது அந்த ஒரு காட்சியைத்தான்.

சென்ற மாதம் கோவையில் சினிமா ஆர்வலர்கள் கூட்டத்தில் அதையே பெரிய திரையில் போட்டு, ஓர் இளைஞர் விளக்கினார். வெயிலையும் புகையையும் சொல்லிவிட்டு, "அந்தத் துணை நடிகர்களின் முகங்களைப் பாருங்கள், பக்தி மெல்ல மெல்ல அதிர்ச்சியாக மாறுவதை எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார்கள்!" என்றார். அரங்கம் கை தட்டியது. எனக்கு நாற்காலியைத் தூக்கித் திரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் படத்தை ஓட்டிய கோபி தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். பெரிய பண்ணாடி போய்ச் சேர்ந்துவிட்டார். பிலிம் சுருளைக் கையால் தொட்டவர்கள்கூடக் குறைந்துவிட்டார்கள். ஆனால் காட்சி என் போனிலேயே கிடைக்கிறது. இத்தனை வருடமாக அப்பாவிடம் காட்டத் துணியாததை, அன்று வீட்டுக்குப் போன சூட்டோடு காட்டினேன். கூப்பிய கைகளைப் பார்க்கட்டும், ஒரு நிமிடமாவது நெஞ்சு நிமிரட்டும் என்று, பெரிய பண்ணாடியின் முகத்தைப் பெரிதாக்கினேன்.

"அது கெடக்குது கண்ணு. கால் தெரியறாப்புல கீழ எறக்கு" என்றார்.

இறக்கினேன். கறுப்பு உருவம் புகைக்குள்ளிருந்து, இரண்டு காலும் நேராக ஊன்றி, வீசி நடந்து வந்தது. அப்பா தன் கோணல் காலைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"நல்லாத்தான் நடந்திருக்கறேன்" என்றார். பிறகு, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.