கத்தாத ஊர்

"...அந்த மலையில வந்து நான் இன்னா பண்றது? பனிக்கட்டில புள்ளையார் செய்யவா? நீயே சொல்லு அண்ணாத்த!"

கத்தியது மூர்த்தி. கோபமெல்லாம் இல்லை. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருப்பவர். கல் அறுக்கும் மெஷினுக்கு மேலே பேசிப் பேசி, கொஞ்சினால்கூட அந்த வால்யூமில்தான் வரும்!

போன வாரம் வீட்டுக்கு ஒரு சின்ன அம்மி சொல்லிவைக்கப் போனேன். பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

மூர்த்தியின் மனைவி கலா, நர்ஸ். இரண்டு வருஷமாக ஆல்ப்ஸ் மலையில், ஒரு குட்டி ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை. இப்போது லீவில் வந்திருக்கிறார். கணவருக்கும் விசா கிடைக்குமாம். அவர் வரவில்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் – இன்னொரு குளிர்காலத்தைத் தனியாகத் தள்ள முடியாது என்கிறார். ஆனால், அந்த ஊரை விடவும் மனசில்லை.

பதிலுக்குக்கூடக் காத்திராமல் மூர்த்தி மெஷினைப் போட்டுவிட்டார்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

"ஒண்ணுமே இல்லண்ணா. அதான் விசேஷம்" என்று சிரித்தார் கலா. "ஞாயித்துக்கெழம மிக்ஸி போடக்கூடாது, சத்தமே ஆவாதாம். எனக்கு இன்னா தெரியும்? சட்னி அரைச்சிகினு கீறேன், பக்கத்து வூட்டம்மா கதவத் தட்டுது. செத்தோம்னு நெனச்சேன்."

"திட்டினாங்களா?"

"ஒரு குட்டிக் கல்லுரல குடுத்துட்டுப் போச்சு. இதுல நைசா இடிச்சிக்கோன்னு கையாலயே நடிச்சிக் காட்டிச்சு!"

நாம்? 'அமைதியான சூழல்' என்று போர்டைப் பார்த்துத் திருப்போரூர் பக்கம் பிளாட் வாங்குகிறோம். கிரகப்பிரவேசத்துக்கு முதல் வேலையாக என்ன செய்கிறோம்? ஸ்பீக்கர் கட்டுகிறோம்! அமைதி நமக்கும் வேண்டும்தான்... அதைப் பக்கத்து வீட்டுக்காரர் தரவேண்டும்.

கலா குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அங்க போனப்புறந்தான்ண்ணா தெரிஞ்சிது, என் கொரலு இவ்ளோ மெல்லிசுன்னு. இங்க இவருகிட்ட கத்திகினே இருந்ததுல... மறந்தே பூட்டேன்."

"இன்னா சொல்றா?" மெஷினுக்கு மேலே மூர்த்தி என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் கலா பக்கம் கையைக் காட்டினேன். அதை நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

மூர்த்தி கலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கலாவைப் பார்த்தார். பிறகு போய் ப்ளக்கையே பிடுங்கினார். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கல்தூசியை உதறி, மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊர பத்தி மொதல்லேந்து சொல்லு" என்றார். "கத்தாம சொல்லு."