லால் பாஷா மாட்டிய காயில்

ஓசூரில் பெங்களூர் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்த லால் பாஷாவின் கை தொட்டால் செத்த வண்டியும் ஓடும் என்று வேப்பனப்பள்ளி வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதுதான் வினை.

ஐம்பத்தாறாம் வருஷம், மாங்காய்ப் பருவம். வேப்பனப்பள்ளித் தோட்டக்காரர் நாராயணப்பனின் பழைய சீமைக் காரில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயில் போய்விட்டது. அதே காயில் எங்கும் கிடைக்காததால் லால் பாஷா பெங்களூரிலிருந்து வேறொன்று வாங்கிவந்தார். அது பழையதைவிடப் பருமன். எஞ்சினுக்குப் பின்தகட்டில் இருந்த இரும்புப் பட்டைக்குள் நுழையவில்லை. புதுப் பட்டை வளைக்க அரைநாள் ஆகும். எஞ்சின் மேலேயே, புகைக்குழாயை ஒட்டி, ஒரு போல்ட் இருந்தது. அதிலேயே இறுக்கிவிட்டார். ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் கார் கிளம்பியது.

மறுவாரமே டிரைவர் திம்மராயன் முதலாளியோடு வந்து நின்றான்.

"பத்து மைலு போனா நின்னுபோவுது பாய். ஆறவுட்டா எடுக்குது. அந்தக் காயில கொஞ்சம் பாருங்க."

"நான் மாட்டின காயிலுக்கு நீ வைத்தியம் சொல்றியா?"

கொட்டகையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சீமெண்ணெயில் கியர் சாமான் கழுவிக்கொண்டிருந்த லால் பாஷா, கையைத் துணியில் துடைத்துவிட்டு, காரின் பெட்ரோலைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார். பெட்ரோல் பறந்தும் பிசுக்கு நின்றது.

"சீமெண்ண கலந்திருக்குதுங்க. பெட்ரோல வித்துட்டு எவனோ இத ஊத்தியிருக்கான்."

"எம் புள்ளைங்க மேல சத்தியம் பாய்!" என்றான் திம்மராயன். நாராயணப்பன் அங்கேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

புது டிரைவர் வந்தும் கார் நின்றது. லால் பாஷாவையும் ஏற்றிக்கொண்டு நாராயணப்பன் ராயக்கோட்டைக்குப் புறப்பட்டார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் அடங்கியது. லால் பாஷா காயிலைத் தொட்டார், விரல் பொசுங்கியது. துண்டை நனைத்துச் சுற்றினார். சற்றுப் பொறுத்து ஹேண்டில் போட்டதும் எடுத்தது. அன்று உள்ளங்கையில் பிசுக்காக நின்றது, தான் கியர் கழுவிய சீமெண்ணெய்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"அந்தத் திருட்டுப்பய ஊத்தினது இன்னும் டேங்க்குல கெடக்குதா பாய்?" என்று கேட்டார் நாராயணப்பன்.

"கெடக்கும்ங்க," என்றது அவர் வாய்.

மறுநாள் புதுப் பட்டை வளைத்துக் காயிலைப் பின்தகட்டுக்கு மாற்றினார். அதன்பின் கார் நிற்கவே இல்லை. பாய் டேங்க்கைக் கழுவிச் சரிபண்ணிவிட்டார் என்று ஊரெல்லாம் புகழ்ந்தது.

மூன்றாம் நாள் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக்கூடை தூக்கிக்கொண்டிருந்த திம்மராயனைத் தனியே அழைத்தார்.

"தப்பு என்னுது திம்மராயா. காயில புகைக்குழாய்ச் சூட்டுல மாட்டிட்டேன்."

அவன் கூடையை இறக்கவில்லை. "திருடன்னு நாலு பேரு முன்னால சொன்னீங்க. தப்புன்னு மட்டும் மூலையில வந்து சொல்றீங்களே பாய்?"

அங்கிருந்து நேரே வேப்பனப்பள்ளிக்குப் போனார். தோப்பில் இருபது பேர் மாங்காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே நின்ற நாராயணப்பனிடம் நடந்ததைச் சொன்னார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போனா போவுது வுடு பாய்," என்றார் நாராயணப்பன். "வேற ஆளு வெச்சாச்சே."

"வேலைக்காகக் கேக்கலீங்க. அவன் திருடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

நாராயணப்பன் குனிந்து மாங்காய் பிரிக்கத் தொடங்கினார். லால் பாஷா கூலிக்காரர்கள் பக்கம் திரும்பினார். திம்மராயன் திருடவில்லை, நான்தான் காயிலைத் தப்பாக மாட்டினேன், தப்பாக முகர்ந்தேன் என்று எல்லாருக்கும் விளங்கும்படி தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சொன்னார். தெலுங்கிலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தோப்பைவிட்டுக் கிளம்பினார்.