கையால் இறுக்கி, மேலே ஒன்றரைச் சுற்று

பைப்புகளைத் திருகி இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குத் திருகு மரைக் கணக்குப் போட்டுப் பிழைப்பவனுக்கு முதல் எதிரி, பிளம்பரின் புஜபலம். கணக்கு வேலையில் இருக்கும் உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார், ஆறுதலுக்காகப் படியுங்கள்.

மூட்டை திரும்பி வந்தது

எண்ணூர் ஐஸ் ஃபேக்டரி ஒன்றுக்கு எங்கள் திருவொற்றியூர் கம்பெனி அனுப்பிய சாக்கெட்டுகள், வாய் பிளந்து மூட்டையாகத் திரும்பின. முதலாளி பாய் கூப்பிட்டார். "இன்னொரு மூட்டை வந்துச்சு, உன் டிசைன் டேபிள தூக்கிடுவேன். நீ பேக்கிங்குக்குப் போய்டு" என்றார். நேரே எண்ணூருக்கு ஓடினேன்.

அங்கே பிளம்பர் அந்தோணி. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் இரும்புக் குழாய் மாட்டியே தோள் வளர்த்தவர். "இந்த மரை உள்ளே போகப் போகக் குறுகும். ஆப்பு இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்கெட் உப்பும். கையால் இறுக்கி, மேலே ஒன்றரைச் சுற்று போதும். மீறினால் இன்றைக்கு நிற்கும், நாளை மறுநாள் பிளக்கும்" என்று விளக்கினேன். ரெஞ்சைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "கையால இறுக்க இது இன்னா சோடா பாட்டில் மூடியா சார்? கைல நரம்பு பொடச்சாத்தான் அது பைப்பு."

சுவரைக் கனமாக்கினேன்

அவர் தோளைக் குறைக்க முடியாது, சாக்கெட்டின் சுவரையாவது கூட்டுவோம் என்று ஸ்ட்ரெஸ் கணக்கை மறுபடி போட்டு, இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, புது அச்சில் வார்த்து அனுப்பினேன். மாட்டிய அன்றே அந்தோணி போன் செய்தார். "சூப்பரா கீது சார்! இப்போ இன்னும் ரெண்டு சுத்து தாங்குது!"

குட்டை ரெஞ்சு

கைப்பிடி நீளமாக இருந்தால்தானே பலம் ஏறும்? சாண் நீள ரெஞ்சு ஒன்றை வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் போனால், அதன் கைப்பிடியில் முழ நீள இரும்புக் குழாயைச் சொருகி இறுக்கிக்கொண்டிருக்கிறார். "ஆசையா வாங்கினு வந்த, சின்னதா கீதுன்னு உன் மனச நோகடிக்கக் கூடாதுன்னு நானே நீட்டிகினேன் சார்."

பாய் முன்னிலையில்

இரண்டாவது மூட்டையும் வந்துவிட்டது. கடைசி முயற்சியாக பாயைக் கையோடு ஐஸ் ஃபேக்டரிக்கு அழைத்துப் போனேன். "நானே மாட்டிக் காட்டுகிறேன்" என்று மரையில் கசிவடைக்கும் டேப் சுற்றி, கையால் இறுக்கி, ஒன்றரைச் சுற்றோடு நிறுத்தினேன். வால்வைத் திறந்தார்கள். மூட்டில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

கழற்றி டேப்பைச் சரியாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா? ஆனால் பாய் சொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தோணியின் ரெஞ்சைப் பிடுங்கி இறுக்கினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. 'டப்' என்றது. பாயின் சட்டை முழுக்கத் தண்ணீர். பேக்கிங்கில் எனக்கு எந்த மூலை கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கணக்கு போட்டவன் கையே கேக்கல, அந்தோணி கை எப்டிடா கேக்கும்? சாக்கெட்டு வாய்ல இரும்பு வளையம் போடு. டேபிளு உன்கிட்டயே கெடக்கட்டும்."

இப்போதெல்லாம் கணக்கை முடித்த பிறகு, ஒரு சொட்டைக் கண்டால் மனிதனுக்கு வரும் பயத்துக்கென்று தனியாக மூன்று சுற்று சேர்த்துக்கொள்கிறேன்.