கோட்டை மதிலில் எடுத்த படம்

சென்ற மாதம் கனடாவில் இருந்து வந்த, தங்கை பெற்ற என் பெறாமகளும் அவளின் புது மாப்பிள்ளையும் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இடிந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு மதிலில் ஏறினோம். மாப்பிள்ளை போனைக் கையில் நீட்டிப் பிடித்து மூன்று பேரையும் படம் எடுக்க ஆயத்தமானார்.

நான் கணவரை இழந்தவள். புதுத் தம்பதியோடு படத்தில் நிற்க மனம் வரவில்லை. அதைச் சொல்லவும் வெட்கம். அதனால் அவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அடி அடியாகப் பின்னுக்குப் போனேன். போன் திரையில் என் உருவம் சின்னதாகிக்கொண்டு போவதைப் பெறாமகள் கண்டுவிட்டாள்.

“பெரியம்மா, அப்பிடியே நில்லுங்கோ. பின்னாலை அகழி.”

என் குதிக்காலுக்குக் கீழே கல் இல்லை. கைப்பிடிச் சுவர் உடைந்த இடம் அது. மூச்சுவிடவும் பயந்து நின்றேன். அவள் மெல்ல வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன் பின்னுக்குப் போனனீங்கள்?”

“நான் நிண்டா சகுனம் சரியில்லைப் பிள்ளை.”

“நீங்கள் விழுந்திருந்தா மட்டும் நல்ல சகுனமோ?” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது யாராவது படம் எடுக்கக் கூப்பிட்டால் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். பிறகு முன்னுக்குப் போய் நிற்கிறேன்.